மன்னனைப் பாடாத குறவஞ்சி

தமிழ்ப் புலவரின் வெற்றி நெடுங்காலமாகப் புரவலரின் கையில் இருந்து வந்தது. பாடியவருக்குப் பொன் கிடைத்ததா, ஊர் கிடைத்ததா, யானை கிடைத்ததா என்பதைக் கொண்டே பாட்டின் பெருமை ஊரார் வாயில் அளக்கப்பட்டது. பரிசில் தரக் காலம் தாழ்த்திய மன்னனைச் சினந்து பாடிய சங்கப் புலவர்களும் பரிசில் என்னும் முறையை மறுத்தவர்கள் அல்லர். தகுதியறிந்து தரவில்லை என்பதே அவர்தம் வருத்தம். பின்னாளில் தோன்றிய குறவஞ்சி இலக்கியமும் இம்மரபின் வழிப்பட்டதே. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. ஒரு நூலின் பெயரை ஒரு வயல் சுமந்து நிற்பதைக் காட்டிலும் ஒரு கவிஞர் வேண்டத்தக்க வெற்றி வேறு என்ன இருக்கக்கூடும்?

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை இயற்றினார். மதனவல்லி என்னும் தலைவி மன்னரின் உலாவைக் கண்டு காதல் கொள்ள, குறத்தி வந்து குறி சொல்லி, அவளுக்கு மன்னரின் கை கிட்டும் என்று தேற்றுவது அதன் செய்தி. பெருவுடையார் கோவில் விழாவில் அது ஆண்டுதோறும் நடிக்கப் பெற்றது. ஆனால், அதே மன்னரின் காலத்தில், அதே தஞ்சைக் கோட்டைக்குள், அம்மன்னருக்குக் கல்வி தந்த ஆசிரியரிடமே தாமும் பயின்ற மற்றொரு புலவர், மன்னரைத் தலைவராகக் கொள்ளாத குறவஞ்சி ஒன்றைப் பாடினார். அதன் பெயர் பெத்லகேம் குறவஞ்சி. பாடியவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய வாழ்வைக் கற்பவர், உலகம் கொண்டாடும் வெற்றி, கிறித்தவம் கருதும் வெற்றி ஆகிய இரண்டும் ஒரே மனிதருக்குள் எவ்வாறு மோதின என்பதைக் காண முடியும். அம்மோதலில் அவர் ஓரிடத்தில் வென்றார், வேறோரிடத்தில் தோற்றார். போற்றுரைகள் பலவும் முன்னதை மட்டுமே கூறி அமைகின்றன.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை சைவ வேளாளர் குடியில் தோன்றிக் கத்தோலிக்கச் சமயம் தழுவியவர். தமிழறிவும் பாடும் ஆற்றலும் உடையவர். பின்னர் இக்குடும்பம் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயத்தின் தொடர்பாகத் தஞ்சையிலிருந்து சுவார்ட்ஸ் ஐயர் 1785-ஆம் ஆண்டு அங்கு வந்திருந்தார். அக்காலத்தை ஒட்டியே சிறுவன் வேதநாயகம் அவர் கண்ணில் பட்டான். தந்தையின் இசைவோடு அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார் ஐயர்.

சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது தேவையாகிறது. சாஸ்திரியாரின் உள்ளத்தில் வெற்றி என்பதன் பொருளை எழுதியவர் அவரே. பிரசிய நாட்டில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சையிலுமாக வாழ்நாள் முழுவதையும் கழித்தவர், மணம் செய்துகொள்ளாதவர். ஒருவரோடொருவர் போரிட்ட ஆட்சியாளர்கள் அனைவரும் அவர் ஒருவரை மட்டும் நம்பினர் என்பது வரலாறு கண்ட வியப்பு. 1779-இல் ஆங்கிலேயர் ஐதர் அலியிடம் தூது அனுப்பத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அப்பயணத்தில் ஐதர் அலி வழிச்செலவுக்கென்று கொடுத்த பணத்தைத் திரும்பி வந்ததும் கும்பினி அரசிடம் ஒப்படைக்க முயன்றார். அதை அவரே வைத்துக்கொள்ளுமாறு அவர்கள் கூறிவிட, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். போரும் பஞ்சமும் தஞ்சையை வாட்டியபோது, கோட்டைக்கு நெல் கொண்டுவர அஞ்சிய குடியானவர்கள், விலைக்கு ஐயர் பொறுப்பு என்று கேட்ட பிறகே வண்டி பூட்டினர். மன்னர் துளஜாஜி 1787-இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, தாம் மகவாக ஏற்றுக்கொண்ட சிறுவன் சரபோஜியை இவரிடமே ஒப்படைக்க விரும்பினார். நாட்டின் மேற்பார்வையோடு கூடிய அப்பொறுப்பைத் தாமே ஏற்க ஐயர் தயங்கி, மன்னரின் தம்பி அமர்சிங்கரிடம் ஒப்படைக்குமாறு கூறினார். அமர்சிங்கர் அரியணையைத் தமதாக்கிக்கொண்டு சிறுவனை வருத்தத் தொடங்கிய பின்னரோ, அப்பிள்ளைக்காக ஓயாமல் வாதாடியவரும் ஐயரே.

இத்தகைய ஒருவரின் நிழலில் இரு சிறுவர்கள் வளர்ந்தனர். ஒருவருக்கு அரண்மனை உரியது. மற்றவருக்கு மடப்பள்ளியின் சோறும் ஓலைச்சுவடியும் உரியன. சரபோஜி 1777-இல் பிறந்தவர். வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். இருவரும் ஓர் ஆசிரியரின் மாணாக்கர் என்பது இறுதிவரை அவர்களிடையே அறுபடாத உறவாய் நின்றது.

வேதநாயகம் தஞ்சையில் பயின்றபின் தரங்கம்பாடிக்கு அனுப்பப் பெற்றார். மறைநூலோடு வானியல், நிலநூல், உடற்கூறு, கணிதம் முதலியவற்றையும் செருமானிய ஆசிரியர்களிடம் கற்றார். இருபது வயதளவில் தஞ்சைக் கிறித்தவப் பள்ளியின் தலைமை ஆசிரியராக அமர்ந்தார். உபதேசியர்க்கும் ஆசிரியர்க்கும் பயிற்சி தருவது அவர் பணி. 1798-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் மறைந்தார். தாம் காத்து வளர்த்த இளவரசர் அரியணை ஏறியதைக் காண அவருக்குச் சில திங்கள்கள் போதவில்லை. அவ்வாண்டின் நடுப்பகுதியில் சரபோஜி மன்னரானார். ஆசிரியரின் சமாதிக் கல்லுக்கு ஆங்கிலத்தில் பாட்டெழுதியவரும் அம்மன்னரே. இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அவர் செய்வித்த பளிங்குச் சிற்பத்தில், இறக்கும் நிலையில் உள்ள ஐயரின் கையைப் பற்றியபடி மன்னர் நிற்கிறார். சிவகங்கைக் குளத்தை அடுத்துள்ள ஆலயத்தில் அது இன்றும் உள்ளது. பெரிய கோவிலின் விமானம் அவ்வாலயத்துக்கு அண்மையிலேயே தெரிகிறது.

மன்னரானவரின் நிலை யாது? 1799-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குச் சென்றது. சரபோஜிக்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் நட்சத்திர வராகனும், நாட்டு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் உண்டு. ஆளுவதற்குக் கோட்டை மட்டுமே. உலக வெற்றியின் உச்சியில் அமர்த்தப்பட்ட இருபத்திரண்டு வயது இளைஞரிடமிருந்து அவ்வெற்றியின் உட்பொருள் ஈராண்டுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. எஞ்சிய வாழ்நாளை அவர் செலவிட்ட முறை போற்றுதற்குரியது. சரசுவதி மகாலுக்கு நூல்களும் சுவடிகளும் திரட்டினார், அச்சகம் நிறுவினார், தன்வந்திரி மகாலில் மருத்துவம் வளர்த்தார், கண் நோய்களுக்குப் பண்டுவம் செய்வித்து அக்குறிப்புகளைப் பேணினார். ஆட்சியை இழந்தவர் அறிவை ஆண்டார் எனலாம். சாஸ்திரியாரை உயர்த்தும் பொருட்டு மன்னரைத் தாழ்த்தி எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

சரபோஜி அரியணை ஏறி ஈராண்டு கழித்து, 1800-ஆம் ஆண்டில், சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. பள்ளித்தோழர் மன்னராக வீற்றிருக்கையில், அரசவைக்குரிய ஓர் இலக்கிய வகையைக் கையிலெடுத்து, அதில் மன்னருக்கு இடம் தராமல் விடுவது எளிய செயலன்று. குறவஞ்சிக்குப் பாட்டுடைத் தலைவனின் ஊரால் பெயர் அமைவது வழக்கம். குற்றாலம் என்றால் அருவி உண்டு. தஞ்சை என்றால் கோட்டையும் கோபுரமும் உண்டு. பெத்லகேமோ தங்க இடமில்லாத ஒரு குடும்பம் மாட்டுத் தொழுவத்தில் ஒதுங்கிய சிற்றூர். பிறக்கும்போது இடமில்லாமலும் இறக்கும்போது கள்வர் நடுவிலும் இருந்த ஒருவரைப் பவனி வரும் தலைவராக வைக்கத் துணிந்ததே அந்நூலின் முதற்புதுமை.

நூலமைப்பில் சாஸ்திரியார் மரபை மீறவில்லை. தலைவனின் உலா, தலைவியின் மயக்கம், பந்தாட்டம், குறத்தி வருகை, மலைவளம், குறி, சிங்கன் வேட்டை, சிங்கனும் சிங்கியும் கூடுதல் ஆகிய உறுப்புகள் பெரும்பாலும் முறையாகவே வருகின்றன. பொருள் மட்டும் முற்றும் மாறிவிடுகிறது. தலைவி தேவமோகினி சீயோனின் மகள், திருச்சபையின் உருவகம். குறி சொல்லும் ஞானசிங்கி விசுவாசம். ஞானச்சிங்கன் விரிப்பது நற்செய்தியின் வலை. அகப்படுவன மாந்தரின் ஆன்மாக்கள். குறவஞ்சியின் சிருங்காரம் இறைக்காதலாக மாறுவதைத் திருக்கோவையாரும் நாயக நாயகி பாவமும் அறிந்த தமிழ் உள்ளம் தயக்கமின்றி ஏற்கும். இடையிடையே, கதிரவனை நடுவாக வைத்துக் கோள்கள் சுழலும் புதிய வானியலும், உலக நாடுகளின் நிலநூற் செய்திகளும் புகுந்துவிடுகின்றன. தரங்கம்பாடியில் கற்றது வீண்போகவில்லை. சில இடங்களில் ஆசிரியர் புலவரை அமுக்கிவிடுகிறார் என்று கவிஞர்கள் குறைகூறக்கூடும், குறை உண்மையே. ஆயினும் கோபர்நிக்கசின் வானத்தைக் குறவஞ்சிச் சந்தத்தில் அடக்க முயன்ற துணிவு தமிழுக்குப் புதிது.

அவர் படைத்த பிற நூல்களின் பட்டியல் நீளமானது. ஞான நொண்டி நாடகம், ஞானத்தச்ச நாடகம், ஞான உலா, ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக் கும்மி, பேரின்பக் காதல் முதலியவற்றோடு கீர்த்தனைகள் மிகப்பல. இப்பெயர்களே ஓர் உண்மையை உணர்த்துகின்றன. உலா அரசவைக்குரியது, கும்மியும் ஏற்றப்பாட்டும் நொண்டியும் மக்களுக்குரியன. வயலில் நீர் இறைப்பவரின் பாட்டையும் தெருக்கூத்தின் நடையையும் இறைவழிபாட்டிற்குள் கொண்டுவந்தவர் சாஸ்திரியார். திருச்சபையார் அவருக்குச் சுவிசேஷ கவிராயர் என்னும் பட்டம் சூட்டினர். ஊர்தோறும் சென்று தம் நூல்களைத் தாமே பாடி விளக்கினார். கேட்டவர்கள் மனனம் செய்தனர்.

மன்னர்க்கும் புலவர்க்கும் இடையே நிகழ்ந்ததாகத் தஞ்சைக் கிறித்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி ஒன்றுண்டு. சரபோஜி தாம் வழிபடும் தெய்வத்தின் மீது ஒரு நூல் பாடுமாறு தம் பழைய தோழரைக் கேட்டார் என்பதும், சாஸ்திரியார் கிறித்துவை அன்றிப் பிறரைப் பாடுவதில்லை என்று பணிவோடு மறுத்து, அவ்வுறுதியையே ஒரு கீர்த்தனையாகப் பாடினார் என்பதும் அச்செய்தி. கேட்டவர் அன்னியர் அல்லர், உடன்பயின்றவர். கேட்ட பொருளும் சிறியதன்று. பாடியிருந்தால் அரசவையின் முதலிடம் கிடைத்திருக்கும். மறுத்ததற்காக மன்னர் சினந்தார் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லப்போனால், மறுத்தவரின் பெருமையில் பாதியைப் பொறுத்தவருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும். வேண்டியதைத் தராத புலவரைத் தொடர்ந்து மதிப்பது புரவலர் மரபில் அரிது.

கிறித்தவ மறை வெற்றியை அளக்கும் கோல் எது என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். தலைவன் ஒருவன் பயணம் போகுமுன் ஊழியர் மூவரிடம் தன் பொருளை ஒப்படைத்த உவமை நன்கு அறியப்பட்டது. ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். திரும்பி வந்த தலைவன் இருவரையும் ஒரே சொற்களால் பாராட்டினான் என்பதே அவ்வுவமையில் பலரும் நின்று நோக்காத இடம். ஈட்டிய தொகை வேறு, பாராட்டு ஒன்று. அங்கே அளக்கப்படுவது உண்மையாய் இருந்த நிலையே. மூன்றாமவன் கடிந்துரைக்கப்பட்டதும் குறைவாக ஈட்டியதற்காக அன்று. அஞ்சிப் புதைத்து வைத்ததற்காகவே. இக்கோலால் அளந்தால், மன்னரைப் பாடிய புலவர் பெற்ற பொன்னையும் பாடாத புலவர் இழந்த பொன்னையும் எடைபோடுவதே பொருளற்றதாகிவிடுகிறது. இன்னும் ஒருபடி மேலே சென்றால், கிறித்தவத்தின் நடுவில் நிற்பதே உலகக் கண்ணுக்குத் தோல்வியாகத் தோன்றும் ஒரு சிலுவை. மாணாக்கர் ஓடிப்போயினர், மக்கள் ஏளனம் செய்தனர், முப்பத்து மூன்று வயதளவில் பணி முறிந்தது. அதனையே வெற்றி என்று சாற்றும் சமயம், பட்டத்தையும் பரிசிலையும் ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை.

அரசரின் பரிசிலை மறுப்பது ஒருவகை. தான் பிறந்த குடியின் மேன்மையை மறுப்பது வேறுவகை. முன்னதைச் செய்த சாஸ்திரியாரால் பின்னதைச் செய்ய இயலவில்லை.

சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சைச் சபையில் வேளாளக் கிறித்தவர்கள் ஒருபுறமும், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான பறையர் குலக் கிறித்தவர்கள் மறுபுறமும் அமர்வது வழக்கமாக இருந்தது. திருவிருந்தின் பாத்திரத்தை முன்னவர் முதலில் பெறுவர். ஐயர் இதனை விரும்பவில்லை எனினும் காலப்போக்கில் தேயும் என்று பொறுத்தார். அது தேயவில்லை. 1820-களில் வந்த புதிய தலைமுறை மிசனரிமார் பொறுக்க விரும்பவில்லை. ஒரே இருக்கை, ஒரே பாத்திரம் என்றனர். அதனோடு நில்லாமல், திருமணத்திலும் திருநாளிலும் பூச்சூடுதலைக் கடிந்தனர். மக்கள் மனத்தில் ஊறிய பப்ரீசியுஸ் ஐயரின் விவிலிய மொழிபெயர்ப்பை அகற்றிப் புதிய திருத்தத்தைப் புகுத்த முனைந்தனர். தமிழ்க் கீர்த்தனைகளை ஆலய வழிபாட்டிலிருந்து விலக்க முற்பட்டனர். ஐரோப்பிய இராகத்தில் அமைந்த ஞானப்பாட்டே இறைவனுக்கு உகந்தது என்பது அவர்கள் எண்ணம் போலும்.

சாஸ்திரியார் பொங்கி எழுந்தார். மேற்கூறிய நான்கையும் நான்கு கொடுமைகளாக எண்ணி எதிர்த்து எழுதினார். சாதி ஒழுக்கத்தைப் பற்றித் தனியே எழுதினார். சாதி என்பது உலகியல் ஒழுங்கு, உடையும் உணவும் போன்றது, விசுவாசத்திற்குப் பகையன்று, சுவார்ட்ஸ் முதலிய முன்னோர் தடுக்கவில்லை என்பன அவர் வாதத்தின் சாரம். அவ்வெழுத்துகளைப் படிப்பவர்க்கு இருவகை உணர்ச்சி எழுவதைத் தவிர்க்க இயலாது. தமிழிசைக்காகவும், பழகிய மறைமொழிக்காகவும் அவர் வாதாடும்போது, பிறநாட்டார் தம் பழக்கத்தையே இறையாணை என்று மயங்கியதை ஒரு தமிழ்க் கவிஞர் தட்டிக் கேட்கும் ஆண்மை தெரிகிறது. அதே எழுதுகோல் இருக்கைப் பிரிவுக்காக வாதாடும்போது, பந்தியில் முதன்மையான இடத்தைத் தேடவேண்டாம் என்று கற்பித்தவரும், மாணாக்கரின் கால்களைக் கழுவியவருமான தம் தலைவரை அது மறந்துவிடுகிறது. நேரியதும் நேரல்லாததும் ஒரே விண்ணப்பத்தில் அடுத்தடுத்து நின்றன, எதிர்த்தரப்பிலும் அவ்வாறே. சாதியைக் கடிந்ததில் நேர்மை கண்டவர்கள் இசையைக் கடிந்ததில் அதை இழந்தனர். இவ்வழக்கில் ஒருவரை முழுதும் வென்றவராகவும் மற்றவரை முழுதும் வீழ்ந்தவராகவும் எழுதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

இதன் விளைவாக 1820-களின் இறுதியில் சாஸ்திரியார் தம் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அகவை ஐம்பதைக் கடந்தவர்; மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் ஆசிரியராய் இருந்தவர். திருச்சபையின் கதவு சாத்தப்பட்டபோது திறந்தது அரண்மனைக் கதவு. சரபோஜி தம் ஆசிரியரின் பழைய மாணாக்கரை அழைத்து ஊதியம் தந்து ஆதரித்தார். கிறித்தவச் சபை கைவிட்ட கிறித்தவக் கவிஞரை, கிறித்தவர் அல்லாத மன்னர், தம் தெய்வத்தைப் பாட மறுத்தவர் என்று அறிந்தும், காப்பாற்றினார். முன்னர் ஒதுக்கிய அரசவைச் சோற்றையே முதுமையின் வாயிலில் சாஸ்திரியார் ஏற்க வேண்டியதாயிற்று. இதை வீழ்ச்சி என்று கொள்வதா, நட்பின் அருள் என்று கொள்வதா என்பது கற்பவரைப் பொறுத்தது. ஊதியம் பெற்றும் அவர் பாடுபொருள் மாறவில்லை என்பது மட்டும் உறுதி.

மன்னர் 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை இனி இருத்தலாகாது என்று ஆணையிட்டார். தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர். அவருள் பலருக்குப் பின்னர் லைப்சிக் லுத்தரன் சங்கம் புகலிடமாயிற்று. சாஸ்திரியாரின் எழுத்து அவர்தம் தரப்புக்கு வலிமையான கருவியாய் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மன்னருக்குப் பின் சாஸ்திரியார் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நெடிய முதுமையில் நிகழ்ந்தவற்றுள் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கருநாடக இசையில் நாட்டம் கொண்டவர். தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் பண்ணிலேயே வழிபட வேண்டும் என்று கருதிக் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டினார். 1853-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பல இடம்பெற்றன. மிசனரிமார் சிலர் வாசலுக்கு வெளியே நிறுத்திய பாடல்களை, கால் நூற்றாண்டு கழித்து, மற்றொரு மிசனரி கையைப் பற்றி உள்ளே அழைத்து வந்தார். பாடியவர் அப்போது உயிரோடு இருந்தார். வயது எழுபத்தெட்டைக் கடந்திருந்தது. ஆலயத்துள் பாடவேண்டும் என்று அவர் வாதாடிய வழக்கில் இசை மட்டும் வென்றது.

1855-இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைய, தஞ்சைக் கோட்டைக்குள் எஞ்சியிருந்த அரசும் கும்பினியால் முடிக்கப்பட்டது. மாணாக்கர் இருவருள் மன்னரின் மரபு ஆட்சியிழந்ததை மற்றவர் தம் கண்களால் கண்டார். மன்னர் திரட்டிய நூல்களோ சிதையவில்லை. சரசுவதி மகால் இன்றளவும் தமிழாய்வாளரின் புகலிடமாகத் திகழ்கிறது. சிவக்கொழுந்து தேசிகரின் குறவஞ்சி பெரிய கோவிலில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆடப்பெற்று, பின்னர் அவ்வழக்கம் நின்றது. அதன் ஏடும் அச்சும் உள்ளன.

1864-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், தஞ்சையில் சாஸ்திரியார் காலமானார். அவர் வழித்தோன்றல்கள் அவருடைய பாடல்களைக் கதாகாலட்சேபமாக நடத்தி வந்தனர். கீர்த்தனையின் இறுதியில் புரவலரின் பெயர் வரத்தக்க இடத்தில் அவர் இறைவனின் பெயரை வைத்து, பக்கத்தில் வேதநாயகன் என்று தம் பெயரையும் முத்திரையாகப் பொறித்திருக்கிறார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தமிழர் குடியேறிய பிற நாடுகளிலும் ஞாயிறுதோறும் ஆலயங்களில் அப்பெயர் பாடப்படுகிறது. பாடுவோருள் பலர், தஞ்சை ஆலயத்தில் தனியே அமரட்டும் என்று அவர் எழுதி வைத்த மக்களின் வழிவந்தவர்கள். அவர்கள் முன்வரிசையில் நின்று, தாளம் தட்டி, அவருடைய சொற்களையே பாடுகின்றனர். பாடி முடித்து, ஒரே பாத்திரத்தில் பருகுகின்றனர்.